ஊதா உப்பு

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் அனுப்பிய பெட்டிக்குள்
சொக்லேட், பற்பசை, கம்பளிச் சுவெட்டர் இரண்டு,
பரந்தன் வெயிலுக்கு.
அடியில் ஒரு பொதி உப்பு.

நாள் முழுக்க ஆனையிறவில் உப்பு வாரிவிட்டு
ஐந்தரை பஸ்ஸில் வந்து இறங்கிய எனக்கு
உப்பு.

சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

ஊதா நிறம், கல் கல்லாய்.
மதுஷிகா பொதியைத் திருப்பி வாசித்தாள்:
இளஞ்சூட்டுத் தண்ணீர். இரண்டு கைப்பிடி.
கணுக்கால் மூடவேண்டும். இருபது நிமிடம்.
மனதை வெறுமையாக வைத்திருக்கவும்.
"கடைசியும் எழுதியிருக்கோ?"
"எழுதியிருக்கம்மா."

நாக்கில் ஒரு கல் வைத்துப் பார்த்தேன். கசந்தது.
கறிக்குப் போட்டால் வீட்டில் சண்டை வரும்.
மணம் ஏதோ வெளிநாட்டுப் பூவாம்.
எனக்கு வங்கி மனேஜரின் அறைதான் மணந்தது,
கடன் இல்லையென்று அவர்
மிகவும் மரியாதையாகச் சொன்ன அன்றைக்கு மணந்தது.

எங்கள் உப்புக்கு மணம் கிடையாது.
சோளகம் பிடித்தால் பாத்தி கண்ணாடியாகிக்
கண்ணுக்குள் வெயிலைத் திருப்பி அடிக்கும்.
சப்பாத்துத் தந்தார்கள். எட்டாம் அளவு, ஆம்பிளைக் கால்.
உள்ளே நான் தனியாக நடப்பேன்,
சப்பாத்துத் தனியாக நடக்கும்.
விளிம்பால் தண்ணி புகுந்தால்
குதிக்கால் வெடிப்பு ஒவ்வொன்றையும்
பெயர் சொல்லிக் கூப்பிடும்.

அதனால் பேசினுக்குள் காலை இறக்கும்போது
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
எரியவில்லை.
கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன்.
எரியவில்லை.
எரியாத உப்பை நம்புவது
கஷ்டமாக இருந்தது.

போனில் மணி வைத்துவிட்டு மகள் படிக்கப் போனாள்.
நான் மனதை வெறுமையாக்கத் தொடங்கினேன்.
சீட்டுக்காசு வந்து நின்றது.
அதை அனுப்பிவைக்க, தண்ணி மோட்டர்.
அதற்குப் பின்னால், வரிசை குலையாமல்,
மகளின் டியூசன், கூரைத் தகரம், அவருடைய பல்லு.
கோழி ஒன்று பேசின் விளிம்பில் கழுத்தை நீட்டி
யோசித்து
வேண்டாமென்று போனது.

படலை சத்தம் போட்டது. பாக்கியசீலி.
களவெடுத்து அகப்பட்டவள்போல் காலைத் தூக்கிவிட்டேன்.
"காலுக்கு என்ன?"
"ஒண்டுமில்லை."
"ஒண்டுமில்லாமல் ஆரும் காலை ஊறவைப்பினமே?"

பதில் இருக்கவில்லை. பொதியைக் காட்டினேன்.
மணந்து பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டாள்.
பொய்க்காலைக் கழற்றி, குடை சாத்துவதுபோல்
சுவரில் சாத்தினாள்.
"தள்ளடி. எனக்குப் பத்து நிமிசம் காணும்,
ஒரு கால்தானே."

ஒரு பேசின். மூன்று கால்.
அவளுடைய பெருவிரல் என் விரலில் முட்டி
அங்கேயே இருந்தது.
கொழும்பு ரயில் இருட்டுக்குள் ஊதிக்கொண்டு போனது.
கனநேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி,
யாரையோ எழுப்பிவிடப் பயந்தவள்போலச் சொன்னாள்:
"மற்றதுக்கும் சூடு தெரியுதடி."

நான் தண்ணியைப் பார்த்தேன்.
கொஞ்சம் அரக்கி இடம் விட்டேன்.

மணி அடித்தது.
எங்கள் இரண்டு பேருக்கும் அது கேட்கவில்லை.

பிறகு, கத்தரிக்கு ஊற்றலாம், நல்லது என்றாள் மகள்.
போனில் போட்டிருக்காம்.
உப்புத் தண்ணி புல்லுக்குச் செய்வதை
நான் பத்து வருசமாகப் பார்க்கிறேன்.
படலைக்கு வெளியே கொண்டுபோய் ஊற்றினேன்.

விடியச் சப்பாத்துக்குள் காலை விட்டபோது
குதிக்கால் மெத்தென்று
வேறு யாருடையதோபோல் இருந்தது.
பாத்திக்குள் இறங்கினேன்.
எட்டு மணிக்குள்
அது என்னுடையதாகிவிட்டது.